நள்ளிரவில் நம் பிள்ளைகள் யாரிடம் பேசுகிறார்கள்?

(இளையோர் மனநலம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வழக்கமாக இந்த மேடையில் நின்று மற்றவர்களைக் கேள்வி கேட்பவள் நான். இன்று என்னையே பேசச் சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். என் வலப்பக்கம் ஒரு மனநல மருத்துவர் இருக்கிறார். இடப்பக்கம் இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இவர்களுக்கு நடுவில் நான் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டுக் காமிராவுக்கு முன்னால் வந்து நின்றவள். ஆனால் நம் பிள்ளைகளில் பலர், மனசு சரியில்லை என்றால் முதலில் மருத்துவரிடம் போவதில்லை; ஆசிரியரிடமும் போவதில்லை. திரையில் தெரியும் முகங்களிடம்தான் போகிறார்கள். அந்த முகங்களில் ஒன்றாக இருந்துகொண்டு நான் செய்த ஒரு தவற்றை உங்கள் முன் சொல்லவே வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் நிகழ்ச்சியில் மன உளைச்சலைப் பற்றி ஓர் அங்கம் படைத்தோம். அன்றிரவு ஒரு மணி பத்து நிமிடத்துக்கு என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எஸ்.பி.எம். எழுதவிருந்த ஐந்தாம் படிவ மாணவி. "அக்கா, தூங்கிட்டீங்களா? ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே வரல. பாடம் மண்டையில ஏறல. எதுக்கெடுத்தாலும் அழுகை வருது. நான் என்ன செய்யட்டும்?"

எனக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குப் படப்பிடிப்பு. மனதை லேசாக்கும் பத்து வழிகள் என்று இணையத்தில் இருந்த ஒரு கட்டுரையின் முகவரியை அனுப்பினேன். "இதைச் செய்து பாரும்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதி ஒரு பூப்படமும் போட்டேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒரு செய்தி. அதை நான் இன்னும் அழிக்கவில்லை. "அக்கா, நீங்க சொன்ன பத்தும் செஞ்சேன். காலையில நடந்தேன். மூச்சுப் பயிற்சி செஞ்சேன். நன்றி சொல்ல தினமும் மூனு விஷயம் நோட்டுல எழுதினேன். எல்லாருக்கும் சரியாவுது, எனக்கு மட்டும் ஆகல. இதுலயும் நான் ஃபெயில்தான்."

இதுலயும் நான் ஃபெயில்தான்! நேயர்களே, அந்த ஒரு வரிதான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை இன்று நலமாக இருக்கிறாள். அவளுடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவள் எப்படி மீண்டாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் அனுப்பிய குறிப்புகளில் ஒன்றுகூடத் தவறானது அல்ல. நடப்பது நல்லது. மூச்சுப் பயிற்சி நல்லது. நேரத்தோடு தூங்குவது நல்லது. ஆனால் லேசான சளிக்குச் சுக்குக் கஷாயம் கொடுப்பது வேறு, நிமோனியா காய்ச்சலுக்கு அதைக் கொடுப்பது வேறு. எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் கஷாயத்தை அனுப்பி வைத்தவள் நான். ஏற்கெனவே தேர்வுப் பயத்தில் இருந்த பிள்ளைக்கு, என் பத்துக் குறிப்பும் பதினோராவது பாடமாகப் போய்விட்டது.

ஏன் இணையத்துக்குப் போகிறார்கள்?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் கைப்பேசிதான்" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். ஒரு நிமிடம் அவர்கள் இடத்தில் இருந்து பார்ப்போம்.

சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு இளையோர் ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் காட்டியது. எட்டுப் பேரில் ஒருவருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்திருக்கிறது. நாற்பது மாணவர்கள் இருக்கும் ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேருக்கு மனச்சோர்வு, ஐந்து பேருக்கு அந்த எண்ணம். பெரியவர்கள் நிலைமையும் நன்றாக இல்லை. 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு, 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் 4.6 விழுக்காடு ஆனது. நான்கே ஆண்டுகளில் இரட்டிப்பு. சுமார் பத்து லட்சம் பேர்.

இந்தப் பிள்ளை வீட்டில் வாயைத் திறந்தால் என்ன நடக்கும்? "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்போம். "எங்க காலத்துல தோட்டத்துல காலை நாலு மணிக்கு எழுந்து மரம் வெட்டப் போனோம், எங்களுக்கு எல்லாம் இந்த டிப்ரெஷன் வந்துச்சா?" என்போம். "நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு உன்னை யாரு கட்டுவா?" என்று முடிப்போம். இன்னும் சில வீடுகளில் செய்வினை, கண்திருஷ்டி என்று சாமி பார்க்க அழைத்துப் போவோம். கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. கோயிலில் கிடைக்கும் ஆறுதல் பெரிது. கோயிலுக்கும் போங்கள், கிளினிக்கிற்கும் போங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

நம் நாட்டில் "தஞ்சோங் ரம்புத்தான்" என்ற ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்பது அதன் இன்றைய பெயர். மலாய் மொழியில் பஹாகியா என்றால் மகிழ்ச்சி. நூறு ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ ஆயிரம் பேரைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிய இடம். நாமோ அந்த ஊர்ப் பெயரை ஒரு வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். "இன்னும் கொஞ்ச நாள்ல உன்னை தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று விளையாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, உண்மையிலேயே மனம் உடையும்போது நம்மிடமா வந்து சொல்லும்?

சட்டமும் அவர்களுக்கு உதவியாக இல்லை. தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கக் குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 2023இல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதுவரை, "நான் முயற்சி செய்தேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே ஆகும். சட்டம் போய்விட்டது. சட்டம் விதைத்த பயம் இன்னும் போகவில்லை.

பணமும் ஒரு காரணம். தனியார் ஆலோசகரிடம் ஒரு முறை போய்வர நூற்றுக்கணக்கான ரிங்கிட் ஆகலாம். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் சிகிச்சைக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். யாரிடம் சொல்லப் பயப்படுகிறதோ, அவர்களுடைய கையெழுத்தே அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுகிறது. இணையமோ காசு கேட்பதில்லை, கையெழுத்து கேட்பதில்லை, நள்ளிரவு ஒரு மணிக்கும் திறந்திருக்கிறது. பிள்ளைகள் அங்கே போவதில் என்ன ஆச்சரியம்?

காமிராவுக்குப் பின்னால்

அங்கே அவர்களுக்குக் கிடைப்பது என்ன என்பதை, என் தொழில் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

ஒரு காணொளியில் முதல் இரண்டு மூன்று வினாடிகளுக்குள் பார்ப்பவரைப் பிடித்துவிட வேண்டும். இல்லையென்றால் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடும். இது எங்கள் தொழிலில் பாலபாடம். அதனால் "மனச்சோர்வு பல காரணங்களால் வரலாம், பொறுமையாக ஆராய வேண்டும்" என்று யாரும் தொடங்குவதில்லை. "இந்த ஐந்தும் உங்களுக்கு இருக்கிறதா? அப்படியென்றால் உங்களுக்கு இந்த நோய்தான்!" என்று தொடங்குவார்கள். அந்த ஐந்தும் என்ன? சாவியை வைத்த இடம் மறந்துபோகும், வேலையைத் தள்ளிப் போடுவீர்கள், கூட்டத்தில் களைப்பாக இருக்கும். நேயர்களே, இதில் மூன்றாவது இல்லாத மனிதர் யார்?

2022இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள், கவனச்சிதறல் குறைபாடான ஏ.டி.எச்.டி. பற்றி டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 காணொளிகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். அவற்றில் 52 தவறான கருத்தைத் தருபவை என்று கண்டார்கள். பாதிக்கும் மேல்! அவற்றைப் போட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் தங்கள் சொந்த வேதனையை உண்மையாகவே சொல்கிறார்கள். ஆனால் ஒருவருடைய அனுபவம் அவருக்கு உண்மை. அது இன்னொருவருக்கு மருந்துச் சீட்டாகிவிடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சோகமான காணொளி ஒன்றை முழுதாகப் பார்த்தால், அதே மாதிரி பத்துக் காணொளிகளைச் செயலி கொண்டுவந்து கொட்டும். பிள்ளை அழுதபடி பார்க்கிறதா, சிரித்தபடி பார்க்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பார்க்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

எங்கள் தொழிலுக்கும் மருத்துவத் தொழிலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நீங்கள் தினமும் திரும்பி வந்தால் எனக்கு வெற்றி. நீங்கள் இனிமேல் வரத் தேவையில்லை என்றால் மருத்துவருக்கு வெற்றி. மனம் உடைந்த ஒரு பிள்ளையை இந்த இருவரில் யாரிடம் விடுவீர்கள்?

பதில் சொல்லும் இயந்திரம்

இப்போது காணொளியையும் தாண்டி, சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மனம்விட்டுப் பேசும் பழக்கம் வந்திருக்கிறது. தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து கேட்டாலும் புரிந்துகொள்ளும். கோபப்படாது. "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்று ஒப்பிடாது.

இது முற்றிலும் புதிய சங்கதி அல்ல. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எலைசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். "எனக்கு அம்மா மேல் கோபம்" என்று தட்டினால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுங்கள்" என்பது போல் அது திருப்பிக் கேட்கும். அவ்வளவுதான், அதற்கு ஒன்றும் புரியாது. அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்த அவருடைய செயலாளரே, சிறிது நேரம் அதனுடன் பேசியதும், "நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா" என்று பேராசிரியரைக் கேட்டுக்கொண்டாராம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் எவ்வளவு தனிமையாக இருந்திருக்கிறார்கள் பாருங்கள்! யாராவது கேட்டால் போதும், அது இயந்திரமானாலும் பரவாயில்லை என்ற ஏக்கம் அன்றே இருந்திருக்கிறது.

இன்றைய செயலிகள் எலைசாவைவிடப் பல மடங்கு திறமையானவை. அவற்றிடம் நல்ல விளக்கமும் கிடைக்கும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் சாட்ஜிபிடியை நடத்தும் நிறுவனமே 2025 அக்டோபரில் ஒரு கணக்கை வெளியிட்டது. வாரந்தோறும் அதைப் பயன்படுத்துவோரில் 0.15 விழுக்காட்டினரின் உரையாடலில் உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டத்துக்கான அறிகுறிகள் தெரிகின்றன என்றது. கேட்பதற்குச் சிறிய எண். பயனீட்டாளர்கள் 80 கோடி என்று அந்நிறுவனம் சொன்ன கணக்கில் பெருக்கினால், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உரையாடல் மிக நீண்டுபோகும்போது தன் பாதுகாப்பு ஏற்பாடுகள் தளர்ந்துபோகக்கூடும் என்பதையும் அதே நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. விடிய விடியப் பேசும் பிள்ளைக்குத்தான் பாதுகாப்பு அதிகம் வேண்டும். அங்கேதான் அது தளர்கிறது.

மூன்று நாளாகப் பிள்ளை சாப்பிடவில்லை என்பதைச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அந்த இயந்திரத்தால் முடியாது. கண் வீங்கியிருப்பது அதற்குத் தெரியாது. அறைக்கதவைத் தட்டி, "வா, கீழே போய் ஒரு மைலோ குடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிட அதற்குக் கை இல்லை.

தம்பி தங்கைகளுக்கு

அப்படியென்றால் இணையத்தைப் பூட்டி வைக்கச் சொல்கிறேனா? இல்லை. இளையோரே, நீங்கள் தேடிப் பார்ப்பதில் ஒரு தவறும் இல்லை. உங்களுக்கு ஏதோ சரியில்லை என்று உணர்ந்து வழி தேடுகிறீர்கள். அதுவே பெரிய தைரியம்.

இணையத்தில் நல்லவையும் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் மன அழுத்தத்தைச் சமாளிப்பதற்கான படக்கையேடு ஒன்றை இலவசமாக வெளியிட்டது. மனம் சூறாவளியில் சிக்கும்போது காலைத் தரையில் ஊன்றி, மெதுவாக மூச்சு விட்டு, சுற்றியிருப்பதைக் கவனிப்பது போன்ற ஐந்து பயிற்சிகளை எளிய படங்களோடு சொல்லித் தருகிறது. நம் அரசாங்கக் கிளினிக்குகள் பயன்படுத்தும் டாஸ் சோதனையும் இணையத்தில் கிடைக்கிறது. 21 கேள்விகள். கடந்த ஒரு வாரம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டு மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூன்றையும் அளக்கிறது. ஆனால் அது வெப்பமானி மாதிரி. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும். டெங்கியா, சாதாரணச் சளியா என்று சொல்லாது. எண் அதிகமாக வந்தால் அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நோயின் பெயரை நீங்களே சூட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆலோசனை சொல்பவரை எடைபோட நான்கு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சொல்பவர் யார்? நம் நாட்டில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் தம்மைக் கவுன்செலர் என்று அழைத்துக்கொள்ளலாம். பதிவு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை.

இரண்டாவது, கடைசியில் எதையாவது விற்கிறாரா? முதல் நிமிடம் உங்கள் வலியைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசி நிமிடம் மாத்திரை, வகுப்பு, ராசிக்கல் என்று முடித்தால் அது விளம்பரம்.

மூன்றாவது, எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்கிறாரா? நல்ல ஆலோசனை தன் எல்லையைத் தானே சொல்லும். நான் அனுப்பிய பத்துக் குறிப்பில் அந்த ஒரு வரி இல்லை. அது இருந்திருந்தால், அந்தப் பிள்ளை மூன்று வாரத்தை வீணாக்கியிருக்க மாட்டாள்.

நான்காவது, மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? சொன்னால் உடனே மூடிவிடுங்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யவே சில வாரங்கள் பிடிக்கும். அதைத் திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும். கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் கையில் இருக்கட்டும்.

தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ பாதித்தால், குறிப்புகளின் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது நீங்கள் செய்ய வேண்டிய சுய பராமரிப்பு ஒன்றே ஒன்றுதான். ஒரு மனிதரிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் முடியவில்லையா, அத்தையிடம் சொல்லுங்கள். அத்தையிடம் முடியவில்லையா, பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அம்மா அப்பாக்களுக்கு

பெற்றோர்களே, அந்தப் பிள்ளையின் கதையை இப்போது முடிக்கிறேன்.

"இதுலயும் நான் ஃபெயில்தான்" என்ற செய்தியைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. எங்கள் நிகழ்ச்சிக்கு வந்திருந்த ஆலோசகரை அழைத்தேன். "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்" என்றார் அவர். எனக்குப் பயம். நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டால்? "கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால், சொல்வதற்கு ஒரு வழி கிடைக்கும்" என்றார். இது ஆய்வுகளும் உறுதிப்படுத்திய உண்மை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

கேட்டேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "சில நேரம் தோனும் அக்கா. ஆனா இத யாரும் என்கிட்ட கேட்டதில்ல."

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை. "அம்மாவே பாவம். நான் வேற எப்படி அவங்களுக்குக் கஷ்டம் கொடுக்கறது?" நம் பிள்ளைகள் நம்மிடம் சொல்லாததற்குப் பாசம் இல்லாதது காரணம் அல்ல. பல வீடுகளில் பாசம்தான் அவர்கள் வாயை மூடியிருக்கிறது.

அன்று காலை அம்மா வேலை முடிந்து வந்ததும், நானும் தொலைபேசியில் துணைக்கு இருக்க, அவள் சொன்னாள். அந்தத் தாயின் முதல் வார்த்தை, நம் எல்லோருடைய வார்த்தையும்தான்: "உனக்கு நான் என்னம்மா குறை வெச்சேன்?" பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. அடுத்து அந்த அம்மா சொன்னதுதான் முக்கியம். "சரி, அழாத. கிளினிக் எட்டு மணிக்குத் திறப்பாங்க. நான் குளிச்சிட்டு வரேன், போவோம்." இரவெல்லாம் நின்று வேலை செய்த உடம்பு. தூங்கவில்லை, போனார்கள்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். கட்டணம் ஒரு ரிங்கிட். எண் எடுத்து மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். மருத்துவர் கேள்விகள் கேட்டார், இரத்தமும் எடுத்தார். மனச்சோர்வு இருந்தது. அதோடு இரத்தச் சோகையும் இருந்தது. அந்தச் சோகை அவளுடைய களைப்பை இன்னும் கூட்டியிருந்தது. எந்தக் காணொளியும் அவள் கையில் இரத்தம் எடுத்துப் பார்த்திருக்காது. மருத்துவமனை நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார்கள். சிகிச்சை பல மாதம் நடந்தது. அந்த ஆண்டுத் தேர்வில் அவள் எதிர்பார்த்த புள்ளிகள் வரவில்லை. அதனால் என்ன? இன்று அவள் கல்லூரியில் படிக்கிறாள். காலையில் நடக்கிறாள், மூச்சுப் பயிற்சியும் செய்கிறாள். அதே குறிப்புகள்தான். பக்கத்தில் மருத்துவரும் அம்மாவும் இருக்கும்போது அவை வேலை செய்கின்றன.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை சொல்ல வரும்போது உங்கள் முதல் வாக்கியம் தவறாகிவிட்டாலும் கவலைப்படாதீர்கள். நாம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். இரண்டாவது வாக்கியத்தைச் சரியாகச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். "இதுல என்ன பாக்குற, எனக்கும் காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். அறிவுரையை ஒத்தி வையுங்கள். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வர நேரமாகும்.

அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கலாம். மெந்தாரி எனப்படும் சமூக மனநல நிலையங்களைச் சுகாதார அமைச்சு பல ஊர்களில் நடத்துகிறது. அமைச்சின் ஹீல் ஆலோசனைத் தொலைபேசி எண் 15555. தாலியான் காசிஹ் உதவி எண் 15999. 1970இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள் 03-7627 2929 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் காது கொடுக்கிறார்கள். பெயரும் முகவரியும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் நிலையில் இருந்தால் தனியாக விடாதீர்கள். 999 எண்ணை அழையுங்கள், அல்லது அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்துப் போங்கள். இந்த எண்களை எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். கேட்டால், "யாருக்காவது தேவைப்படும்" என்று மட்டும் சொல்லுங்கள். யாருக்குத் தேவையோ அவர் பார்த்துக்கொள்வார்.

என்னைப் போல் காமிரா முன் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போதும் எனக்கு நள்ளிரவில் செய்திகள் வருகின்றன. நான் குறிப்புகள் அனுப்புவதில்லை. "எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது? வீட்டில் யாரிடம் சொன்னாய்?" என்று இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன். பிறகு மேலே சொன்ன எண்களைக் கொடுக்கிறேன். நாம் மருத்துவர் ஆக வேண்டியதில்லை. மருத்துவர் வீட்டுக்கு வழி காட்டினால் போதும்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் பிள்ளையின் அறைக்கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், திட்டாமல் மெதுவாகத் தட்டுங்கள்.